சேர்ந்திருந்ததற்கு ஆதாரம்

2023 ஒக்டோபர் 9
டுக்கும், ஓமான்

ஸ்காபரோவிலிருந்து சட்டத்தரணி அருளானந்தம் டெலிபோனில் சொன்னபடி இந்தக் கொப்பியை இன்று தொடங்குகிறேன். நானும் கணவரும் எங்கே இருந்தோம், என்ன செய்தோம் என்று நாளுக்கு ஒரு வரியாவது எழுத வேண்டுமாம். தமிழிலேயே எழுதலாம், தேவைப்பட்டால் அவர் மொழிபெயர்ப்பித்துக் கொடுப்பார். ஆகவே அதிகாரி அவர்களே, இது நீங்கள் படிப்பதற்காக எழுதப்படுகிறது. நீங்கள் ஆணோ பெண்ணோ தெரியாது. பொறுமையான ஆளாக இருந்தால் நல்லது.

என் பெயர் சிவாஜினி பகீரதன். வயது நாற்பத்து நான்கு. கனடாவின் நிரந்தர வதிவிடக்காரி. அதற்கான அட்டை, என்னுடைய காட், அடுத்த செப்டெம்பர் 19ஆம் திகதியோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்க, ஐந்து வருடத்தில் எழுநூற்று முப்பது நாள் நான் கனடாவில் இருந்திருக்க வேண்டும். இருந்தது நானூற்றொரு நாள். பிறகு வவுனியாவில் அப்பாவுக்குப் பாரிசவாதம். ஒரு மாதம் பார்த்துவிட்டு வருவோம் என்று போனவள், அவர் கண்ணை மூடும்வரை மூன்று வருடம் நின்றுவிட்டேன். அந்த நாட்களை உங்கள் சட்டம் கணக்கெடுக்காது. அப்பாமாருக்கு அதில் இடமில்லை.

கணவர்மாருக்கு இடம் இருக்கிறது. கணவர் கனடாப் பிரசை என்றால், வெளிநாட்டில் அவரோடு சேர்ந்து வாழும் ஒவ்வொரு நாளும் கனடாவில் வாழ்ந்த நாளாகவே எண்ணப்படும். என் கணவர் பகீரதன் முப்பது வருடமாகக் கனடாக்காரர். இப்போது இங்கே கப்பல் திருத்தும் தளத்தில் எஞ்சினியர். நான் வந்து இறங்கியது ஒக்டோபர் 5. அன்றிலிருந்து காட் முடியும்வரை முந்நூற்றைம்பத்தொரு நாள். எனக்குக் குறைவது முந்நூற்று இருபத்தொன்பது. இருபத்திரண்டு நாள் கையில் மிச்சம்.

ஏன் இந்தப் பாடு என்று கேட்பீர்கள். என் மகள் டிலக்சி ரொறன்ரோவில் தாதியர் படிப்புப் படிக்கிறாள். வயது பத்தொன்பது. பகீரதன் எனக்கு இரண்டாம் கல்யாணம். டிலக்சியின் தகப்பன் 2009இல் இல்லாமல் போனார். அதைப் பற்றி வேறு வேறு அதிகாரிகளுக்கு நிறைய எழுதிக் கொடுத்தாயிற்று, இங்கே வேண்டாம். காட் போனால் நான் மகளைப் பார்க்க விசிட்டர் விசா கேட்டு நிற்க வேண்டும். என்னுடைய பாஸ்போட்டுக்கு அதைக் கொடுக்கிறீர்களா என்று உங்களுக்கே தெரியும்.

இன்று இருவரும் ஒன்றாக இருந்தோம். மத்தியானம் அறக்குளா மீன் குழம்பு.

ஒக்டோபர் 10

ஒன்றாக. பருப்பு, வாழைக்காய்ப் பொரியல்.

ஒக்டோபர் 11

ஒன்றாக. அவர் ஏழு மணிக்கு வந்தார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

நவம்பர் 3

ஒன்றாக. இந்த ஊரைப் பற்றி நீங்கள் கேட்கக்கூடும். ஒரு துறைமுகம், அகலமான வீதிகள், அந்த வீதிகளில் ஒருவரும் இல்லை. சில வேளை ஒட்டகம் கடக்கும். எங்கள் கட்டிடத்தில் பதினாறு வீடு, பூட்டாதவை நான்கு. பெண் என்று பார்த்தால் நான் ஒருத்தி. மற்றவர்கள் எல்லாம் தளத்தில் வேலை செய்யும் ஆம்பிளைகள், காலையில் பஸ்ஸில் ஏறினால் இருட்டத்தான் இறங்குவார்கள்.

கீழே ஹம்சா என்ற மலையாளியின் கடை. கோயம்புத்தூரில் நாலு வருடம் இருந்தவராம், தமிழ் கதைப்பார். என் தமிழ் அவருக்குப் பாதிதான் விளங்குகிறது, அவருடையது எனக்கு முக்கால். நான் ஒரு நாளைக்கு ஒரு சாமான்தான் வாங்குவேன். திங்கள் வெங்காயம், செவ்வாய் உப்பு. எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கினால் அடுத்த நாள் போகச் சாட்டு இல்லையே.

கணவர் தனி அறையில் படுக்கிறார். குறட்டை விடுவார், எனக்கு நித்திரை குழம்பக்கூடாது என்ற அக்கறை. நான் வவுனியாவில் மூன்று வருடம் ஒரு நோயாளியின் கட்டிலுக்குக் கீழே படுத்தவள், குறட்டை எனக்கு ஒரு சத்தமா? ஆனாலும் அக்கறை அக்கறைதான்.

நவம்பர் 10

அவர் மஸ்கட் தலைமை அலுவலகத்துக்குப் போனார். எட்டு நாள் வேலையாம். உடனே அருளானந்தத்துக்குப் போன் அடித்தேன். ஒரே நாட்டுக்குள் வேலைக்காகப் போய்வருவதைப் பிரிந்திருப்பதாக எடுக்கமாட்டார்கள், வீடு ஒன்றாக இருந்தால் சரி என்றார். நாட்டை விட்டு ஒருவர் மற்றவரில்லாமல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் எங்கே போகப்போகிறேன்?

ஆகவே, ஒன்றாக.

நவம்பர் 14

ஒன்றாக. பழக்கத்தில் இரண்டு பேருக்குச் சோறு போட்டுவிட்டேன்.

டிசெம்பர் 8

அதிகாரி அவர்களே, ஒரு பிழை விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை அவர் மஸ்கட்டிலிருந்து வருவதாக இருந்தது. வருகிற சந்தோசத்தில், வெள்ளிக்குரியதை வியாழனே எழுதி வைத்தேன். "ஒன்றாக. இறால் பிரட்டல், மரக்கறி, பாயாசம். கடற்கரைக்குப் போனோம்." அவர் வரவில்லை. வேலை முடியவில்லையாம், திங்கள் வருவாராம். அந்த வரியை வெட்டலாம் என்று பேனையை எடுத்தேன். வெட்டினால் நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்று அப்படியே விட்டிருக்கிறேன். இறால் உண்மை. மற்றது பொய்.

2024 ஜனவரி 15

ஒன்றாக. தைப்பொங்கல். கேஸ் அடுப்பில்தான் பொங்கினேன், பால் நன்றாகவே பொங்கி வழிந்தது. பொங்கலோ பொங்கல் என்று கத்த ஆளில்லை. நானே மெல்லமாகச் சொன்னேன். டிலக்சிக்கு அடித்தேன், வகுப்பில் இருக்கிறாளாம், பிறகு கதைக்கிறேன் என்று ஒரு வரி அனுப்பினாள். ஹம்சாவுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, பாவம். அவருக்கும் வீடு தூரம்.

பெப்ரவரி 16

ஒன்றாக. இன்று மெய்யாகவே ஒன்றாக, அதனால் விரிவாக எழுதுகிறேன்.

சேர்ந்து எடுத்த படங்களும் வேண்டும் என்று அருளானந்தம் சொல்லியிருந்தார். பல மாதங்களில் எடுத்தவையாக இருக்க வேண்டும். எங்களிடம் ஒன்றுகூட இல்லை. எனவே கணவர் காரில் என்னை ஊருக்கு வெளியே உள்ள பாறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். காற்றும் மழையும் தின்ற பாறைகள், ஒன்று ஆமை மாதிரி, ஒன்று இட்டலிச் சட்டி மாதிரி. அவர் மூன்று சேட்டு கொண்டுவந்தார், நான் மூன்று சட்டை. காருக்குள் மாறி மாறி உடுத்தி, இடம் மாறி மாறி நின்று, போனைப் பாறையில் சாத்தி வைத்துப் படம் எடுத்தோம். ஒரே பின்னேரத்தில் மூன்று மாதம். இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன், பாருங்கள். எனக்கே என்னை விளங்கவில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் என் தோளில் கை போட்டார். எடுத்து முடிந்ததும் கையை எடுத்துவிட்டார். மூன்றாவது படம் ஆடிவிட்டது, இன்னொன்று எடுக்க வேண்டும் என்றேன். ஆடவில்லை. நன்றாகத்தான் வந்திருந்தது.

மார்ச் 2

ஒன்றாக.

மார்ச் 3

ஒன்றாக. மஸ்கட்.

மே 11

ஒன்றாக. அவர் வீட்டில் நின்றார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணித்தியாலம் போனில் கதைத்தார். இடைக்கிடை சிரிப்புக் கேட்டது. ஆரென்று கேட்டேன், வேலை விஷயம் என்றார். கப்பல் திருத்துகிறவர்களிடம் இவ்வளவு பகிடி இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கார் டிக்கியில் அரிசி மூட்டையை எடுக்கப் போனபோது சின்னப் பிள்ளைகள் கொண்டுபோகும் ரோஸ் நிறத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று கிடந்தது. விலைச்சீட்டும் கழற்றவில்லை. கூட வேலை செய்கிற ஒருவரின் பிள்ளைக்குப் பிறந்தநாளாம்.

அவருக்குப் பிள்ளைகள் என்றால் விருப்பம். டிலக்சி பதினைந்து வயதில் வந்ததால் அவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லாமல் போயிற்று.

ஜூன் 20

ஒன்றாக. காற்றுக் காலம் தொடங்கிவிட்டது. மற்ற ஊர்கள் வெயிலில் வேக, இங்கே கடற்காற்று இரைந்துகொண்டே இருக்கும். கதவிடுக்கில் துணி செருகினாலும் மண் வந்துவிடுகிறது. காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் கூட்டுகிறேன். கூட்ட ஏதாவது இருப்பதும் நல்லதுதான்.

டிலக்சி வீடியோவில் வந்தாள். மெலிந்திருக்கிறாள். திடீரென்று, "அம்மா, அங்கை நீங்கள் சந்தோசமா இருக்கிறீங்களா?" என்று கேட்டாள். மீன் நல்லது என்றேன். "நான் மீனைக் கேக்கேல்லை," என்றாள். இன்னும் தொண்ணூற்றொரு நாள்தான், காட் கைக்கு வந்ததும் ஓடி வந்துவிடுவேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஓகஸ்ட் 6

அருளானந்தத்தின் பட்டியல் வந்தது. விண்ணப்பத்தோடு என்னுடைய பாஸ்போட்டும் கணவருடைய பாஸ்போட்டும், எல்லாப் பக்கமும், வெற்றுப் பக்கம் உட்பட, பிரதி எடுத்து அனுப்ப வேண்டும். அவரும் நானும் ஒரே நேரத்தில் ஒரே நாட்டில் இருந்ததற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லையாம். அவர் வேலைக்குப் போயிருந்தார். பாஸ்போட் அலுமாரியில் இருக்கும், எடுத்துக்கொள்ளும் என்று முந்தியே சொல்லியிருந்தார். என்ன இருக்கிறது என்பதை அவர் மறந்திருக்க வேண்டும். அல்லது நான் பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டாரோ தெரியாது.

பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்தேன். பதினோராம் பக்கத்தில் கட்டுநாயக்க முத்திரை, கொழும்பு விமான நிலையம். பன்னிரண்டில் இரண்டு. பதின்மூன்றில்.

கதிரையில் இருந்து, இந்தக் கொப்பியை மடியில் விரித்து, திகதிகளைச் சரிபார்த்தேன். நான் இங்கே வந்த பிறகு ஏழு முறை கொழும்புக்குப் போயிருக்கிறார். மஸ்கட் என்று சொன்ன ஏழு முறையும். பொங்கலன்றும் அங்கேதான். மொத்தம் அறுபத்தொரு நாள். அந்த அறுபத்தொரு நாளுக்கும் நான் என் கையெழுத்தில், உறுப்பாக, ஒன்றாக என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இன்று சமைக்கவில்லை.

ஓகஸ்ட் 7

அவர் சேட்டு மாற்ற முதலே பாஸ்போட்டை மேசையில் வைத்தேன். கத்த நினைத்திருந்தேன். ஆரிட்டைப் போறனீங்கள் என்று மட்டும் கேட்டேன். கதிரையை இழுத்து இருந்துவிட்டுச் சொன்னார். கொழும்புப் பக்கம் தெகிவளையில் ஒரு ஆள் இருக்கிறாவாம். ஒரு பெண் குழந்தை, இரண்டரை வயது. நான் வவுனியாவில் அப்பாவைத் திருப்பித் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருந்த காலத்தில் தொடங்கியது. தெகிவளையிலிருந்து வவுனியா ஆறு மணித்தியாலம். அப்பாவைப் பார்க்க அவர் வந்தது இரண்டே தரம்.

பிறகு ஏன் என்னை இங்கே கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"உம்மட காட் போகக்கூடாதெண்டுதான் கூப்பிட்டனான்," என்றார். "நான் செய்தது பிழை. அதுக்கு இதையாவது செய்து குடுப்பம் எண்டு நினைச்சன். காட் வந்தாப் பிறகு ஆறுதலாச் சொல்லுவம் எண்டிருந்தனான்."

பொய் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. அதுதான் என்னை வதைக்கிறது. நான் அவரோடு வாழ வந்தேன். அவர் எனக்கு நாள் தரக் கூப்பிட்டிருக்கிறார்.

ஓகஸ்ட் 9

அருளானந்தத்துக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வேறு நாட்டில் வேறு குடும்பத்தோடு நின்ற நாட்களைச் சேர்த்து வாழ்ந்ததாகக் காட்ட முடியாது, அறுபத்தொன்றையும் கழிக்க வேண்டும் என்றார். கையில் இருந்த இருபத்திரண்டும் போய், முப்பத்தொன்பது நாள் குறைகிறது. எழுநூற்று முப்பதுக்கு அறுநூற்றுத் தொண்ணூற்றொன்று.

காட் உயிரோடு இருக்கும்போதே கனடாவுக்கு வந்து, உள்ளதைச் சொல்லி, இரக்க அடிப்படையில் கேட்பது ஒரு வழியாம். கிடைக்கும் என்று தான் சத்தியம் பண்ணமாட்டேன் என்றார். நல்ல மனிசன். சத்தியம் பண்ணுகிறவர்களை நான் நம்புவதில்லை.

ஓகஸ்ட் 12

பகீரதன் இன்னொரு வழி கொண்டுவந்தார். மேசையில் எனக்கு எதிரே இருந்து, இவ்வளவு மாதத்தில் முதல் தடவையாக நான் போட்ட தேத்தண்ணியை முழுதாகக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"பாஸ்போட் துலைஞ்சு போச்செண்டு எழுதிக் குடுத்துப் புதுசு எடுக்கிறன். ஒரு முத்திரையும் இராது. நாங்கள் முழு நாளும் ஒண்டா இருந்தமெண்டு நான் கடிதமும் தாறன். படம் இருக்கு, உம்மட கொப்பி இருக்கு. ஆருக்கும் தெரியப்போறேல்லை."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடமே ஓம் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. டிலக்சியின் மெலிந்த முகம் கண்ணுக்குள் நின்றது. ஒரு கடிதம், ஒரு கையெழுத்து. எத்தனை பேர் செய்கிறார்கள்.

ஓகஸ்ட் 15

மூன்று நாளாக யோசிக்கிறேன். ஹம்சாவிடம் போய் ஒரு சிவப்புப் பேனை வாங்கினேன். வேறொன்றும் வேண்டாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன்.

நவம்பரிலிருந்து தொடங்கி, அந்த அறுபத்தொரு நாளிலும் "ஒன்றாக" என்பதை வெட்டி, மேலே "தனியாக" என்று எழுதினேன். இடது கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே எழுதினேன், சில இடத்தில் மை ஊறிவிட்டது.

ஏன் என்று டிலக்சி பிறகு கேட்பாள், அதனால் எழுதி வைக்கிறேன். பொய்யென்றால் பயமா? ஓம், கொஞ்சம். ஆனால் அது காரணமில்லை. அந்த அறுபத்தொரு நாளும் நான் இந்த வீட்டில் மண் கூட்டிக்கொண்டு, இரண்டு பேருக்குச் சமைத்து ஒருத்தியாகச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன். அதைத் தாங்கியது நான். கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அந்த நாட்களிலும் அவரைக் கொண்டுவந்து இருத்த எனக்கு மனம் வரவில்லை. அப்படிச் செய்தால் நான் பட்டது நடக்கவே இல்லை என்றாகிவிடும். காட் போனாலும் போகட்டும், அதை மட்டும் விடமாட்டேன்.

அவருக்குச் சொன்னேன். தலையை ஆட்டினார். உமக்கு எப்பவும் பிடிவாதம் என்றார்.

ஓகஸ்ட் 20

பெட்டி கட்டியாயிற்று. இருபத்து மூன்று கிலோ. குளிர்சாதனப் பெட்டியில் நாலு நாளுக்குச் சோறும் குழம்பும் பிரித்து வைத்திருக்கிறேன். ஏன் வைத்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் விமான நிலையம்வரை கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, போய்ச் சேர்ந்ததும் அடியும் என்றார். அடிக்கமாட்டேன் என்று இருவருக்கும் தெரியும்.

ஓகஸ்ட் 22
ஸ்காபரோ

டிலக்சி வாடகைக்கு இருக்கும் நிலக்கீழ் அறையில், அவளுடைய கட்டிலில் இருந்து காலையில் எழுதுகிறேன். அவள் வகுப்புக்குப் போய்விட்டாள். விமான நிலையத்தில் விசாரித்துவிட்டு, காட்டை என்னிடமே தந்திருக்கிறார்கள். நாள் குறைவு என்று அறிக்கை எழுதியாயிற்று. மேலதிகாரி பார்ப்பார், கடிதம் வரும். இருக்கலாம் என்றும் வரலாம், போ என்றும் வரலாம். போ என்றால் மேன்முறையீடு செய்யலாம், அதுவரை இங்கே நிற்கலாம். கொப்பியைப் பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். இனி இதை ஒருவரும் படிக்கப்போவதில்லை. ஆனாலும் நேற்று நடந்ததை எழுதாவிட்டால் எனக்கு ஆறாது.

கடைசியில் அதிகாரி ஒரு இளம் பொடியனாகத்தான் இருந்தார். தாடி, களைத்த கண். எனக்கு ஆங்கிலம் போதாது என்றதும் மேசையில் இருந்த டெலிபோனை அமத்தினார், ஒரு பெண் குரல் தமிழில் வணக்கம் சொன்னது. மொழிபெயர்ப்பாளர். பெயர் சொல்லக்கூடாதாம், இலக்கம்தான். என்னுடைய ஆட்களின் குரல், யாழ்ப்பாணம் பக்கமாக இருக்க வேண்டும்.

இந்த வருடம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார், சொன்னேன். கணவரோடு எத்தனை நாள் என்று கேட்டார், கழித்து மிஞ்சியதைச் சொன்னேன். குறைகிறதே, தெரியுமா என்றார். தெரியும், முப்பத்தொன்பது நாள் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். கொப்பியை வாங்கிப் புரட்டினார். சிவப்பு மை அவருக்கு விசித்திரமாக இருந்திருக்கும். நடுவில் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, இதை வாசித்துக் காட்டுங்கள் என்றார்.

ஜூலை மாதத்து நாள் ஒன்று. நான் வாசித்தேன். "தனியாக. காலையில் அலாரம் அடித்ததும், ஓம் எழும்பிட்டன் என்று அதற்கு மறுமொழி சொன்னேன். பொழுதுபடுமட்டும் யோசித்துப் பார்த்தேன். இன்று நான் வாய் திறந்து சொன்னது அது ஒன்றுதான்."

டெலிபோனில் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டது என்று அதிகாரி ஹலோ ஹலோ என்றார். அறுபடவில்லை. அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, அவர் ஒன்றும் கேட்காமலே, தமிழில், குரலைத் தாழ்த்தி என்னைக் கேட்டாள்.

"அக்கா, கடைசியா எப்ப ஆரோடையும் இருந்து ஒருநேரம் சாப்பிட்டனீங்கள்?"

என்ன சொன்னாய் என்று அதிகாரி கேட்டார். அவள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். தன் பாட்டுக்குக் கேள்வி கேட்பது அவளுக்குத் தடையாம், வேலை போய்விடும். அதிகாரி கொஞ்சம் யோசித்தார். பிறகு, பரவாயில்லை, அவ மறுமொழி சொல்லட்டும் என்றார்.

நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். இவ்வளவு நேரமும் எல்லாவற்றுக்கும் திகதியோடு பதில் சொன்னவள், இதற்கு ஒரு திகதியும் அகப்படாமல் இருந்தேன்.

"ஞாபகம் வரேல்லை எண்டு சொல்லுங்கோ, தங்கச்சி," என்றேன்.

அவள் சொன்னாள். அதிகாரி அதையும் எழுதினார்.